மாதா வலையில் என் கூரை

என் வீட்டுக் கூரைக்கு ஓடு போட நான் தகரப்பேணியில் சேர்த்துவைத்த காசை, என் மனுசன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கோயிலுக்குக் கொடுத்தார். கொடுத்தார் என்று சொன்னால் இன்றைக்கும் அவருக்கு மூக்கு விடைக்கும். "குடுக்கேல்லை, போட்டனான்" என்பார். போட்டாரோ கொடுத்தாரோ, பேணி வெறும்பேணி ஆனது எனக்குத்தான் தெரியும்.

நைலோன் வலை எங்கள் கரைக்கு வந்து சில வருடங்களான காலம் அது. கீரிக் கரையிலிருந்து எங்கள் ஊர் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். ஊரின் பழைய மாதா கோயிலை, இப்போதிருக்கும் சனத்தில் பாதி இருந்த காலத்தில் கட்டியிருந்தார்கள். வருடா வருடம் பிள்ளைகள் பிறந்தார்கள், கோயில் மட்டும் அப்படியே இருந்தது. பெண்கள் உள்ளே பாயில் நெருக்கியடித்துக்கொண்டு வேர்வையில் குளிப்போம். ஆண்கள் வெளியே பூவரச மரத்தின் கீழ் நின்று பூசை காண்பார்கள். காண்பார்கள் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். உள்ளே மணி அடித்தால் முழந்தாளிடுவார்கள், மற்ற நேரமெல்லாம் இறால் விலை கதைப்பார்கள். பெரிய கோயில் வந்தால் தாங்களும் உள்ளே வந்து பிரசங்கம் கேட்க வேண்டுமே என்ற பயம் அவர்களில் சிலருக்கு இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்போதுதான் ஒரு புதுச் சுவாமி வந்தார். இளம் ஆள், மெலிந்த உடம்பு, கணக்கில் கெட்டிக்காரர். பெரிய கோயில் கட்டக் காசு கேட்டதற்கு ஆயர் இல்லத்தில் கையை விரித்துவிட்டார்கள். ஊரில் காணிக்கை கேட்டால் கிடைப்பது மெழுகுதிரிக்கே காணாது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் ஆண்களையும் உள்ளே கூப்பிட்டுச் சுவரோரமாக நிற்கவைத்துச் சொன்னார்.

"நான் காணிக்கை கேக்கேல்லை. காணிக்கை எண்டா போட்ட கையோட மறந்துபோகவேணும். நான் கேக்கிறது பங்கு. நீங்கள் போடுற காசில கோயிலுக்கு ஒரு கரைவலையும் வள்ளமும் வாங்குவம். வலை இழுக்கிற ஆக்களுக்குக் கூலி போக மிச்சத்தை ரெண்டாப் பிரிப்பம். ஒரு பாதி கோயில் கட்ட. மற்றப் பாதி பங்குக்காரருக்கு. உங்கட முதலும் ஒரு சின்ன லாபமும் திரும்பி வரும் மட்டும் அது வந்துகொண்டே இருக்கும். அதுக்குப் பிறகு வலை முழுக்கக் கோயிலுக்கு. மீன் படாட்டி எல்லாருக்கும் நட்டம், கோயிலுக்கும் நட்டம்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோயிலுக்குள் இருந்துகொண்டு லாபம் என்ற சொல்லைக் கேட்டதே சனத்துக்குக் கூச்சமாக இருந்தது. என் மனுசனுக்கு ஒரு குணம். யாராவது ஒன்றைக் கேட்டு, பதில் வராமல் சத்தம் அடங்கினால் அவரால் தாங்க முடியாது. அந்த இடத்தை நிரப்ப எதையாவது தூக்கிக் கொடுத்துவிடுவார்.

"எங்கட ஓட்டுக்காசு இருக்கு சுவாமி," என்றார்.

நான் பெண்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காசு முழுக்க என் கருவாட்டுக் காசு. வெயிலில் பாய் விரித்து, காகம் கலைத்து, கையெல்லாம் உப்பு வெடித்துச் சேர்த்தது. போன மாரியில் என் மகன் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வாடைக்காற்றோடு மழை வர, பனையோலைக் கூரை கண்ட கண்ட இடத்திலெல்லாம் ஒழுகியது. பிள்ளையின் ஏணைத்தொட்டிலைக் கூரையின் இந்த வளையில் கட்டுவேன், அங்கே ஒழுகும். அவிழ்த்து அந்த வளையில் கட்டுவேன், அங்கேயும் ஒழுகும். அந்த மாரி முழுவதும் பிள்ளைக்கு நெஞ்சில் சளி இழுத்தது. மூச்சு இழுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்த எனக்குத்தான் அந்தப் பயம் தெரியும். அடுத்த வாடைக்கு முன் ஓடு போடாவிட்டால் நான் மனுசியே இல்லை என்று அப்போதே சொல்லியிருந்தேன். பீடத்தில் நற்கருணை இருந்ததால் என் மனுசன் அன்றைக்குத் தப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் நற்கருணை இல்லை.

"ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"குடுக்கேல்லை, போட்டனான்."

"சரி, ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

"சுவாமி என்னைப் பார்த்தவர்."

"சுவாமி பார்த்தவர் எண்டு என்ட பேணியில கைவைப்பீங்களோ?"

"வாடைக்கு முன்னம் ஒரு பங்கு பிரிப்பம் எண்டு சொன்னவர். மாதா பார்ப்பா."

"மாதாட மனுசன் தச்சன். அவவின்ட கூரையை அவர் பார்த்திருப்பார். என்ட கூரையை ஆர் பாக்கிறது?"

அவர் எழும்பிப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் இல்லாவிட்டால் கடலைப் பார்ப்பது எங்கள் கரை ஆண்களின் வழக்கம். அன்றைக்கு அவருக்குக் கஞ்சியும் சம்பலும்தான் கிடைத்தது.

அவர் வாயைத் திறந்ததும் ஊரும் திறந்தது. ஓட்டுக்காசையே ஒருவன் தூக்கிப் போடுகிறான், நாங்கள் சும்மா இருப்பதா என்று ஒவ்வொருவராகப் போட்டார்கள். நாலைந்து வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் பெரிய பங்கு போட்டார். பக்கத்து வளவில் ஒரு இளம் பெண் இருந்தாள். முந்திய வருடம் புருசனைக் கடல் கொண்டுபோனது. கரைச் சனம் சேர்த்துக் கொடுத்த காசை அவள் தையல் மெசினுக்கென்று வைத்திருந்தாள். அதையும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, திரும்ப வருமெண்டுதானே சுவாமி சொன்னவர்?"

"ஓம், வரும்," என்றேன். சொல்லிவிட்டு வெறும்பேணியைக் கவிழ்த்து வைத்தேன்.

சிலாவத்துறையிலிருந்து லொறியில் வந்து மீனும் கருவாடும் வாங்குகிற முஸ்லிம் ஒருவர் இருந்தார், நானா என்று கூப்பிடுவோம். ஐந்து நேரத் தொழுகை தவறாத மனுசன். அவரும் மாதா வலையில் பங்கு போட்டார் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"என்ன நானா, கோயில் கட்ட வந்திட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"கோயிலை நீங்க கட்டுங்கோ தங்கச்சி. நான் வலைக்குத்தான் போட்டிருக்கிறன். வட்டியெண்டா எங்களுக்கு ஹராம், கையால தொடமாட்டன். இது லாபமும் நட்டமும் சேர்ந்த பங்கு. இதில வாற லாபத்தைக் கேக்காமலும் விடமாட்டன்."

இந்த ஊரில் புத்தியோடு பங்கு போட்டவர் இவர் ஒருவர்தான் என்று அப்போது நினைத்தேன்.

வலை வந்தது. சுவாமி மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். மாதா வலை என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மேற்பார்வைக்கு என் மனுசனைப் போட்டார் சுவாமி. களவு செய்யமாட்டார் என்ற நம்பிக்கை. சரியான நம்பிக்கைதான். அவர் எடுக்கிற ஆள் இல்லை, எடுத்துக் கொடுக்கிற ஆள் என்பது சுவாமிக்குத் தெரிந்திருக்கவில்லை.

கரைவலை இழுப்பது ஊரே சேர்ந்து செய்கிற வேலை. இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பார்கள், கடைசியில் மீன் நிறைந்த மடி கரைக்கு வரும். இழுத்தவன் கூலி போகக் கறிக்குக் கொஞ்ச மீன் கொண்டுபோவான். அது எல்லா வலையிலும் உள்ள வழக்கம். ஆனால் சம்மாட்டியார் வலையில் கைநிறைய எடுத்தால் அவர் கண்ணாலேயே சுட்டுவிடுவார். மாதா வலைக்குச் சம்மாட்டி மாதா. மாதா யாரைச் சுடப்போகிறா? மடி கரைக்கு வரமுன் சனம் வந்து நிற்கும். கயிற்றைத் தொட்டவர், தொட நினைத்தவர், தொட்டவரின் மச்சான். கன்னியர் மடத்துக்கு ஒரு பங்கு. கடிதம் கொண்டுவந்த தபால்காரருக்கு ஒரு கோர்வை மீன். பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசை என்று ஒருத்தி. தாழ்வுபாட்டிலிருந்து சைக்கிளில் வந்து "மாதா வலையில மீன் எப்பிடி எண்டு பாக்க வந்தனான்" என்று சொன்ன ஒருவர், பார்த்துவிட்டு ஒரு பாரை மீனோடு போனார்.

ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நானே நின்று பார்த்தேன். ஒரு கிழவனார் பெரிய பாரை மீனொன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"அது ஆருக்கு?" என்று மனுசனைக் கேட்டேன்.

"அவரின்ட மருமகனுக்குக் காய்ச்சலாம்."

"காய்ச்சலுக்குப் பாரையோ?"

"மாதாட மீனை இல்லையெண்டு சொல்லலாமோ? மாதா ஆரையும் வெறுங்கையோட விட்டவவோ?"

"என்னை விடப்போறா," என்றேன்.

லொறிக்குப் பக்கத்தில் நானா கூடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தங்கச்சி, மடியில நிறைய வருகுது, லொறிக்கு வரேக்க அரைவாசிதான் இருக்குது. நடுவில கடலோ குடிக்குது?"

"கடல் இல்லை நானா. என்ட மனுசன்."

நாங்கள் இருவரும் சுவாமியிடம் போனோம். ஒரு கருவாட்டுக்காரியும் ஒரு முஸ்லிம் முதலாளியும் சேர்ந்து மாதாவின் சார்பில் வழக்குப் பேசப் போனதை ஊர் வேடிக்கை பார்த்தது. சுவாமி மீனைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள், தலையில் கைவைத்தார். நான்தான் வழி சொன்னேன். இழுத்தவனுக்கு வழக்கப்படி கறிமீன். அது போக ஒரு கூடை, மாதாவின் கூடை என்று கரையில் வைக்கவேண்டும். கேட்டு வருகிற எவரும் அதிலிருந்து எடுக்கலாம். கூடை முடிந்தால் முடிந்ததுதான்.

இதில் எல்லாரையும்விடச் சந்தோசப்பட்டவர் என் மனுசன். இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. "கூடை முடிஞ்சுது" என்று சொல்ல அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. கையைப் பிசைந்துகொண்டு, முகத்தைத் தொங்கப்போட்டு, செத்த வீட்டில் கதைப்பதுபோல் சொல்லுவார். நானாவின் லொறி நிறையத் தொடங்கியது. கோயில் வளவில் கருங்கல்லும் மணலும் வந்து இறங்கின.

செப்டெம்பரில் மாதாவின் பிறந்தநாள் திருநாள். கரைவலைக் காலம் முடிகிற நேரம், வாடை தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். பூசை முடிந்ததும் பீடத்துக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, பங்குக் காசை உறைகளில் வைத்துக்கொண்டு சுவாமி இருந்தார். பங்குக்கார ஆண்களை உள்ளே கூப்பிட்டுச் சுவரோரமாக இருத்தியிருந்தார். மேகம் ஏற்கெனவே வடக்கே கறுத்திருந்தது. நான் பாயில் இருந்துகொண்டு ஓட்டின் எண்ணிக்கையை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். போட்ட முதலில் முக்கால்வாசி இன்றைக்கே வரும் என்று சுவாமி சொல்லியிருந்தார். அது என் கூரைக்குக் காணும்.

முதலில் சம்மாட்டியாரைக் கூப்பிட்டார். பட்டுச் சால்வை போட்டுக்கொண்டு வந்து நின்று, உறையைத் தொடாமலே, பூவரச மரம்வரை கேட்கிற குரலில் சொன்னார்.

"என்ட பங்கை மாதாவுக்கே விடுறன் சுவாமி."

கோயில் முழுக்க ஒரு மூச்சு எழும்பி அடங்கியது. அடுத்தவர் வந்தார். சம்மாட்டியார் விட்ட பிறகு அவர் எப்படி எடுப்பார்? அவரும் மாதாவுக்கே விட்டார். அதற்கடுத்தவரும் விட்டார். ஒவ்வொருவரும் முன்னவரைவிடக் கொஞ்சம் உரத்து விட்டார்கள். கடைசியாக விட்டவரின் சத்தத்தில் ஒரு புறா பறந்தது. கடன்காரன் வாசலில் நிற்கிற மனுசர்கூட விட்டார்கள். கோயிலுக்கு இவ்வளவு காசு மிஞ்சுகிறதே என்று சுவாமி மகிழ்வார் என்று பார்த்தால், அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

பிறகு நானாவின் முறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டு வாசலோரம் நின்றவர், பக்கவாட்டாக வந்து உறையை வாங்கி அங்கேயே நின்று எண்ணினார். "சரியா இருக்கு சுவாமி," என்றார். போகிற போக்கில் வாசலில் இருந்த ஏழைகள் உண்டியலில் கொஞ்சத்தை மடித்துப் போட்டார். "இது வேற," என்று சொல்லிவிட்டுப் பழையபடி வாசலில் நின்றுகொண்டார். "அவருக்கென்ன, மாதா அவரைக் கேக்கப்போறாவோ," என்று என் பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்.

அடுத்தது எங்கள் வீடு. என் மனுசன் எழும்பினார். எதையாவது தூக்கிக் கொடுக்கப்போகிறார் என்றால் அவருக்குக் கழுத்து நீளும். நான் கலியாணம் முடித்த நாளிலிருந்து பார்க்கிற கழுத்து. அது நீண்டது.

"என்ட பங்கையும்..." என்று தொடங்கினார்.

"அது என்ட காசு சுவாமி."

நான் எழும்பியிருந்தேன். எப்போது எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. பிள்ளை இடுப்பில் இருந்தது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது, மரத்தடியில் நின்ற மற்ற ஆண்களும் அன்றைக்குத்தான் கூப்பிடாமலே உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து மேசைக்குக் கயிற்றளவில் பத்துப் பாகம்கூட இருக்காது. வெட்கத்தில் காது சுட்டது. அப்படியே நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று இருந்தது. பிள்ளையின் நெஞ்சில் சளி இழுத்த சத்தத்தை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

"மாதாட்டையே திருப்பி வாங்குறாளோ," என்றது அதே பின்வரிசைக் குரல்.

நான் அவளைப் பார்க்கவில்லை. பீடத்துக்கு மேலே நின்ற மாதாவைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நீயும் மாட்டுக்கொட்டிலில பிள்ளை பெத்தனிதானே. ஒழுகுற கூரைக்குக் கீழ பிள்ளையை வைச்சிருந்தவளுக்கு நான் சொல்லவேணுமோ?"

சுவாமி உறையை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சனத்தைப் பார்த்துச் சொன்னார்: "திரும்பித் தருவன் எண்டு சொல்லித்தான் உங்களிட்ட வாங்கினனான். ஒருத்தரும் வாங்காட்டி என்ட சொல்லுக்கு என்ன மதிப்பு? அடுத்த ஊரிலயும் கோயில் இல்லாம மரத்தடியில பூசை வைக்கிறன். அங்க போய் எந்த முகத்தோட பங்கு கேப்பன்? இருக்கிறவன் விட்டா அது அவனுக்குப் பெருமை. இல்லாதவன் அதைப் பார்த்து வெக்கத்தில விட்டா அது பாவம்."

உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினேன். சேலைத்தலைப்பு எதிலோ மாட்டியதுபோல் இழுபட்டது. பார்த்தால், பக்கத்து வளவுப் பெண். என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, என் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எழும்பியதும் அவளும் எழும்பி என் பின்னாலேயே வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் வரிசை பாய்வரை போயிருந்தது.

அந்த வரிசையில் சம்மாட்டியாரின் பெண்சாதியும் நின்றா. "எங்கட பங்கைத்தான் விட்டாச்சே," என்று சம்மாட்டியார் அந்தப் பக்கமிருந்து மெல்லச் சொன்னார். "நீங்கள் விட்டது உங்கட பங்கு," என்றா அவ. "என்ட காப்பை அடகு வைச்சுப் போட்டது வேற பங்கு." சம்மாட்டியார் சால்வையைச் சரிசெய்துகொண்டு கடல் இருக்கிற திசையைப் பார்த்தார். அது கோயிற்சுவர், கடல் தெரியாது. ஆனாலும் பார்த்தார்.

சிலாபத்துப் பக்கமிருந்து ஓடு வந்து இறங்கியது. மனுசன் அதை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து ஏற்றினார். கோயிலுக்கு ஓடு ஏற அதற்குப் பிறகும் சில வருடம் பிடித்தது. மாதா வலை இழுத்து இழுத்துத்தான் அதைக் கட்டினோம். முதல் முழுக்கத் திரும்பி வந்தபிறகு, வந்த காசைச் சிலர் அடுத்த ஊர்க் கோயில் வலையில் பங்காகப் போட்டார்கள். நானும் கொஞ்சம் போட்டேன், இந்த முறை என்னைக் கேட்டுத்தான் போட்டேன். பக்கத்து வளவில் தையல் மெசின் ஓடுகிற சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். பெரிய கோயிலில் ஆண்களுக்கு உள்ளே இடம் வந்தது. அவர்கள் கடைசி வரிசை வாங்கிலில் உட்கார்ந்து இப்போதும் இறால் விலைதான் கதைக்கிறார்கள்.

ஆனால் நான் மறக்காதது அந்த வருட வாடையின் முதல் மழை. மத்தியானம். நான் அடுப்படியில் இருந்தேன். இடி இடித்ததுதான் தாமதம், வெளியே வலையின் கிழிசல் பொத்திக்கொண்டிருந்த மனுசன் ஓடிவந்து, பழைய பழக்கத்தில் ஏணையிலிருந்து பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு ஒழுகாத இடம் தேடினார். ஒரு மூலைக்குப் போனார். மற்ற மூலைக்குப் போனார். பிறகு வீட்டின் நடுவில் நின்று மேலே பார்த்தார். ஓட்டில் மழை கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிள்ளையின் முகத்தைத் தடவிப் பார்த்தார், ஒரு துளி இல்லை.

"நீ எழும்பாட்டி," என்றார், "நான் விட்டிருப்பன்."

"தெரியும். அதுதான் எழும்பினனான்."

பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு அவர் நின்ற இடத்திலேயே அழுதார். கடலைப் பார்க்கப் போகவில்லை. நாற்பது வருடமாக நான் அந்த மனுசனைப் பகிடி பண்ணாத நாள் இல்லை. அன்றைக்கு மட்டும் பகிடியை விட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.